என்னிடம் யோசனை கேட்டவன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில், பதினைந்து நாள் விடுப்பில் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது.

"ஏலே, ஊருக்கு வந்திருக்கியாம்லா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டியோ?"

என் நண்பன். அவனுக்குத் தெரியக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். ஏழு வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். விடுப்பில் வருவேன், வீட்டிலேயே கிடப்பேன், திரும்பிப் போகும்போது ரயிலில் இருந்து, 'நேரமே இல்லடா' என்று ஒரு செய்தி அனுப்புவேன். இந்த முறை யாரோ என்னை மார்க்கெட் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

நான் விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறவன். பெயரும் மற்ற விவரங்களும் இங்கே வேண்டாம். எனக்காக இல்லை, அவனுக்காக.

அவன் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். ராணுவ அதிகாரி ஆக விரும்பும் பையன்களும் பெண்களும் சேரன்மகாதேவியில் இருந்தும் திருச்செந்தூரில் இருந்தும் பஸ் ஏறி வருவார்கள். "ஞாயித்துக்கெழம நம்ம பிள்ளைகள்ட்ட அரைமணி நேரம் பேசுலே. நெசமாவே ஓட்டுதவன் ஒருத்தன அதுக கண்ணால பாக்கட்டும்" என்றான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தை அவனிடம் சொல்ல முடியாது.

அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் முதலில் சந்தித்தது திருநெல்வேலி ஜங்ஷனில். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி கறுப்பு டிரங்குப் பெட்டி. பயிற்சிக்கு வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அனுப்பிய பட்டியலில் அந்தப் பெட்டிதான் முதலில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் என்னிடம் வந்து, "அண்ணே, பறக்கவா?" என்று கேட்டான். ஆறு மாதம் மட்டுமே மூத்தவன் நான். ரயில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் அண்ணன் போய் 'லே' வந்துவிட்டது. அவனுக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். அப்பா குத்தகை நிலத்தில் வாழை போடுகிறவர். எனக்கு அப்பா அம்மா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவன் வீட்டில் அதுவரை ஒருவரும் விமானத்தில் ஏறியது கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது.

பயிற்சி ஹைதராபாத் பக்கம். வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. விமானியாகத் தேர்வாகிவிட்டால் எல்லோரும் போர் விமானம் ஓட்டுவார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. முதலில் எல்லோருக்கும் ஒரே சின்னப் பயிற்சி விமானம். முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். சில மாதங்கள் அதில் பறந்த பிறகு மூன்றாகப் பிரிப்பார்கள்: போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். எது வேண்டும் என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பிறகு மதிப்பெண் பட்டியல் வரும். மேலே இருப்பவர்களுக்குக் கேட்டது கிடைக்கும். கீழே வர வர, மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

ஏறக்குறைய எல்லோரும் முதலில் எழுதுவது போர் விமானம். இடம் கொஞ்சம்தான் இருக்கும்.

ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் மதிப்பெண் போடுவார்கள். பறப்பதற்கு முன் எல்லோரும் கூடும் அறையின் சுவரில் ஒரு பலகை உண்டு. அதில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் வரிசையாகக் கட்டங்கள். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய் அடுத்தவன் கட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோம். அடுத்தவன் நன்றாக இறக்கினால் முதுகில் தட்டிக்கொடுப்போம். அவன் மோசமாக இறக்கினால் அதைவிடப் பலமாகத் தட்டிக்கொடுப்போம். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் அப்படித்தான் இருந்தேன்.

அவன் அப்படி இல்லை. அவன்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தான் என்றே சொல்லலாம். எனக்கு வளைவில் கை கடுமையாகிவிடும், விமானம் குலுங்கும். விடுதி வராந்தாவில் இரண்டு நாற்காலிகளை முன்பின்னாகப் போட்டு, என்னைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வான். ஒரு துடைப்பக் கட்டையைக் கையில் கொடுத்து, "பைய இழுலே, பைய. எளங்கன்னு கயித்தப் பிடிச்ச மாதிரி இழு" என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பான். வடநாட்டுப் பையன்கள் நின்று சிரிப்பார்கள். என் மதிப்பெண் ஏறியது அந்த வராந்தாவில்தான்.

கடைசி மாதத்தில் பலகையைப் பார்த்தால் யாருக்கும் கணக்கு புரிந்துவிடும். போர் விமானத்துக்கான இடங்கள் எங்கே முடியும் என்பது பற்றி ஒரு பேச்சு உலவியது. அதன்படி பார்த்தால் கடைசி இடத்தில் அவன் நின்றான். அவனுக்கு அடுத்தவன் நான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பறத்தல் தேர்வு பாக்கி இருந்தது. அவனுக்குப் புதன்கிழமை காலை முதல் விமானம். எனக்கு வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவனுக்குச் சளி பிடித்திருந்தது. காலையிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தான். சளி என்றால் வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவோம். பறக்கிறவர்களுக்கு அது வேறு. மேலே ஏறும்போது தெரியாது. வேகமாகக் கீழே இறங்கும்போது, காதுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் வழி சளியில் அடைத்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் காதுக்குள் கத்தி மாதிரி இறங்கும். அதனால் சளி என்றால் மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் நாலைந்து நாள் பறக்க விடமாட்டார்கள். பட்டியல் வரப்போகிற வாரத்தில் நாலைந்து நாள் என்பது எங்களுக்கு ஒரு பிறவி மாதிரி.

அந்த வாரம் எங்கள் வகுப்புக்கு நான்தான் தலைவன். வாரம் ஒருவர் என்று முறை வைத்து அந்தப் பொறுப்பைத் தருவார்கள். ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டுவந்து எல்லோருக்கும் தெரிவிப்பதுதான் வேலை. அன்று சாயங்காலம் நாலரை மணிக்குத் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். சில விமானங்கள் பழுதுபார்ப்பில் இருப்பதால் எல்லோருக்கும் தேர்வு முடியவில்லை, பட்டியல் ஒரு வாரம் தள்ளிப் போகிறது என்றார். உடம்பு சரியில்லாதவர்கள் யாராவது இருந்தால் மருத்துவரிடம் போகட்டும், அடுத்த வாரம் பறக்கலாம், மதிப்பெண்ணில் ஒன்றும் குறையாது, இன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடு என்றார்.

சரி என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். விடுதிக்குப் போய்க் குளித்தேன். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அதுவரை என் மனதில் ஒன்றும் இல்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அதுவரை ஒன்றும் இல்லை.

ஐந்தரை மணிக்கு அவன் என் அறைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தான்.

"லே, காது அடச்ச மாதிரி இருக்கு. டாக்டர்ட்ட போயிரட்டுமா? போனா நாளைக்கு விடமாட்டாங்க. பட்டியல் வந்துரும், நான் கீழ போயிருவேன். நீ என்ன சொல்லுத?"

எனக்குத் தெரிந்ததை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். 'பட்டியல் தள்ளிப் போயிருக்குலே, போய் டாக்டரப் பாரு.' அவ்வளவுதான். அந்த வரி நாக்கு வரை வந்தது உண்மை. அது வருவதற்குள் பலகையில் அவன் பெயரும் அதற்குக் கீழே என் பெயரும் கண்ணுக்குள் வந்துவிட்டன. இவன் நாளை பறந்தால் நன்றாகப் பறக்க முடியாது. ஒரு வாரம் கழித்துப் பறந்தால் என்னைவிட நன்றாகப் பறப்பான்.

"ஒரு முக்கா மணி நேரந்தானலே. ஆவி பிடிச்சிட்டுப் படு. சமாளிச்சிரலாம்" என்றேன்.

"அப்படியா சொல்லுத?"

"ஆமாலே."

அவன் முகம் தெளிந்துவிட்டது. வெந்நீருக்கு ஆள் தேடிப் போனான். சாப்பாட்டு வரிசையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவனும் கேட்பானே. மறுநாள் காலை, அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு விமானத்துக்கு நடந்து போன பிறகுதான் மற்றவர்களிடம் அந்த அறிவிப்பைச் சொன்னேன்.

அவன் ஏறினான். எல்லாம் நன்றாகச் செய்தான் என்று பின்னால் இருந்த தேர்வாளர் பிறகு சொன்னார். வேகமாகக் கீழே இறங்கும்போது காது வலி தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதியிருக்கிறான். சாதாரணமாக எல்லோரும் செய்வதுதான். அடைப்பு அதிகமாக இருந்ததால் காதின் உள்பக்கம் ஏதோ கிழிந்துவிட்டது. ஒரு நொடியில் தலை சுற்ற ஆரம்பித்தது. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்திருக்கிறான். பின்னால் தேர்வாளர் இருந்ததால் உயிர் பிழைத்தான். தனியாகப் பறக்கும் நாளாக இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எழுத எனக்குக் கை வந்திருக்காது.

விமானம் நின்ற பிறகு அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். கால் ஊன்ற முடியவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். அறிவிப்பு ஏன் தாமதமாக வந்தது என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் என் தேர்வு. நான் நன்றாகப் பறந்தேன். வளைவில் கை பைய இழுத்தது.

அவனை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள நானே அனுமதி கேட்டு வாங்கினேன். நாலு நாள் பக்கத்தில் இருந்தேன். தலையைத் தூக்கினால் அவனுக்கு அறை சுற்றும். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன். நாலாம் நாள் அவன் அப்பா வந்து சேர்ந்தார். ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கையில் ஒரு பை நிறைய நேந்திரம்பழம், பாதி நசுங்கிப் போயிருந்தது. மகனைப் பார்த்ததும் அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் அழுதார்.

"யய்யா, பெத்தவன் நான் பக்கத்துல இல்ல. நீ இருந்து பாத்திருக்க. ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்றார்.

அவர் கையில் இருந்து என் கையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் வந்தது. போர் விமானத்தின் கடைசி இடம் என்னுடையது. அவனுக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. தலைசுற்றல் குறைய மாதக்கணக்கில் ஆனது. பறக்கத் தகுதி இல்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். ஹெலிகாப்டர் இல்லை, சரக்கு விமானம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவன் ஜங்ஷனில் இறங்கியபோது அந்தக் கறுப்புப் பெட்டியை அவன் அப்பா தூக்கிக்கொண்டு வந்ததாக அவனே ஒரு முறை சிரித்துக்கொண்டு சொன்னான்.

இதுதான் காரணம். இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மாடி அறை முழுக்கப் பிள்ளைகள். பெஞ்சு போதாமல் ஜன்னல் ஓரம் நின்றார்கள். என்னை அறிமுகப்படுத்தும்போது அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போர் விமானம் எப்படி இருக்கும், பயமாக இருக்குமா என்று கேட்டார்கள். ஏதோ சொன்னேன். இடது பக்கம் இருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி அவனுக்குக் கேட்கவில்லை. அவள் பழக்கமானவள் போல எழுந்து வந்து வலது பக்கம் நின்று மறுபடி கேட்டாள். "ஒங்களுக்கு மட்டும் ஏன் சார் கிடைக்கல? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான போனீங்க?"

அவன் சிரித்தான். "எல்லாம் நம்ம முட்டாத்தனந்தான். சளி பிடிச்சிருந்திச்சு. டாக்டர்ட்ட சொல்லாம மறைச்சேன். போட்டியில பின்னால போயிருவோம்னு பயம். காது போச்சு. அதனாலதான் ஒங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொல்லுதேன், ஒடம்புல இருக்கதை மறைக்காதீங்க. தப்பு பூரா என்னோடது" என்றான்.

யாரிடமோ யோசனை கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும், "எங்கய்யா ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான். மழை விட்டிருந்தது. வழி நெடுக ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களில் தண்ணீர் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். தளர்ந்திருந்தார். "காது போனாப் போவுது, உசுரு இருக்கு. அன்னைக்கு இந்தத் தம்பி பக்கத்துல இருந்ததுனாலதான்" என்று மருமகளிடம் சொன்னார். அவளுக்கு அது பலமுறை கேட்ட கதை போல. தலையாட்டிக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள்.

சாப்பிட்டுவிட்டு, அணைக்கட்டில் தண்ணீர் போவதைப் பார்த்து வரலாம் என்று இருவரும் நடந்தோம். தண்ணீர் கலங்கி, அணைக்கட்டின் மேல் வழிந்து இரைச்சலாக விழுந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். நாலரை மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டது, அவர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, பலகையில் பார்த்த பெயர்கள், எல்லாவற்றையும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னமோ சொல்லுதியா? இந்தப் பக்கம் வாலே, அந்தக் காது கேக்காதுல்லா" என்றான்.

நான் அவனுடைய இடது பக்கம் நின்றிருந்தேன்.

ஓடிவிடலாம் என்று இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வலது பக்கம் போய் நின்றேன். இரண்டாம் முறை சொன்னேன். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை போல அது வரவில்லை. துண்டு துண்டாக வந்தது.

அவன் கோபப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டான்.

"அவரு ஒன்கிட்ட சொன்னது எத்தன மணிக்கு?"

"நாலரைக்கு."

"நான் வந்து கேட்டது?"

"அஞ்சரை இருக்கும்."

"அப்பம் ஒரு மணி நேரமா ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கணக்கு வாத்தியார் ஒரு விடையைச் சரிபார்க்கிற மாதிரி.

"இத ஏன்லே இப்பம் வந்து சொல்லுத?"

"மனசு கேக்கல. ஏழு வருசமா…"

"ஒனக்கு மனசு கேக்கல. அதக் கொண்டாந்து எங்கிட்ட எறக்கி வச்சிட்ட." அவன் குரல் உயரவே இல்லை. தண்ணீர் இரைச்சலில் நான்தான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "நானா செஞ்ச தப்புன்னு நெனச்சுப் பழகிட்டேன்லே. அதுக்கே எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ரெண்டு வருசமா, வானத்துல பிளேன் சத்தம் கேட்டா அண்ணாந்து பாக்கமாட்டேன். பெறவு ஒரு வழியா, சரி, என் முட்டாத்தனம், அத நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்போம்னு எந்திரிச்சேன். இப்பம் நான் என்ன செய்ய? மறுபடி மொதல்ல இருந்து ஒன்ன வஞ்சுக்கிட்டு இருக்கணுமா?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை அந்த இடத்தில் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவன் மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க அப்பாட்டயும் சொல்லிடுதேன்" என்றேன்.

அப்போதுதான் அவன் சட்டென்று திரும்பினான். "சொல்லாத. சத்தியமா சொல்லாத. தன் மவன் தனியாக் கெடக்கல, ஒருத்தன் பக்கத்துல இருந்தான்னு அவருக்கு ஒரு ஆறுதல். அதையும் நீ வாங்கிட்டுப் போயிராத."

திரும்பி வீட்டுக்கு நடந்தோம். அவன் அப்பா காபி போடச் சொல்லி வைத்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைக் குடிக்க வேண்டியிருந்தது. என் சம்பளம், கல்யாணம், அம்மாவின் முட்டுவலி எல்லாம் விசாரித்தார். கிளம்பும்போது ஒரு சீப்பு பழத்தைப் பையில் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என் நண்பன் வாங்கிக்கொள் என்று கண்ணால் சொன்னான். வாங்கிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்ததும், "பைய போ" என்றான். ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதுதான். அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

நான் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வருடமும் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வாழ்த்துச் சொல்லுவான், அந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. நான் அனுப்பிய நீளமான கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. முன்பு நான் ஒருவன் சுமந்தேன், இப்போது இரண்டு பேர் சுமக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அவனிடம் உண்மையைச் சொன்னது சரியா, ஏழு வருடம் கழித்துச் சொன்னது தப்பா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் நான் வேலை பார்க்கும் ஊரின் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வந்து சல்யூட் அடித்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. "சார், நீங்க பாளையங்கோட்டைக்கு எங்க வகுப்புக்கு வந்தீங்க. இடது பக்கம் உக்காந்து கேள்வி கேட்டேன்லா" என்றாள். தேர்வாகிவிட்டாளாம், பயிற்சிக்குப் போகிறாளாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரு சார். அதே கதையத்தான் எல்லா வகுப்புலயும் சொல்லுதாரு, சளிய மறைச்ச கதை. தப்பு பூரா என்னோடதுன்னு. இப்பம் கடைசில புதுசா ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்லுதாரு."

"என்னது?"

"ஒங்க எடத்துக்குப் போட்டி போடுதவன்ட்ட யோசனை கேக்காதீங்க. அவன் நல்லவனாவே இருந்தாலும் கேக்காதீங்கன்னு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரயில் வந்தது, பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக, "ஏதாவது சொல்லுங்க சார்" என்று கேட்டாள். எதிரில் வந்து நின்று யோசனை கேட்கிற முகம், அதே நம்பிக்கை. காது அடைத்தால் யாரிடமும் கேட்காமல் நேரே டாக்டரிடம் போ என்று மட்டும் சொன்னேன்.

பல பேர் பாராட்டுகிற வேலையில் இருக்கிறேன், ஊரில் பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள், அந்த இடத்தில் உட்கார வேண்டியவன் யார் என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அதில் எனக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். அன்று சாயங்காலமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தேன் என்பதை நினைக்கும்போது மட்டும் இப்போதும் என்னால் தலை நிமிர முடிவதில்லை.